கடைக்கு மின் காவல்: மீட்டரில் எச்சரிக்கை எல்லை வைப்பது எப்படி?

கடை என்றால் தராசு, படிக்கல், கல்லாப்பெட்டி, பேரேடு என்று இருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று தெருமுனை மளிகைக் கடையில்கூட இரண்டு ஃப்ரிட்ஜ், ஒரு டீப் ஃப்ரீசர், மின் தராசு, பில் போடும் கம்ப்யூட்டர், கண்காணிப்புக் கேமரா எல்லாம் இருக்கின்றன. மொத்த வியாபாரம் செய்யும் நம்மவர்களிடம் இவற்றோடு அரவை மிஷினும், மூட்டை தைக்கும் மிஷினும், அலுவலக அறையில் ஏ.சி.யும் சேர்ந்துவிட்டன. சரக்கு பெருகுவதைப் பேரேட்டில் எழுதுகிறோம். ஆனால் கம்பியில் ஓடும் கரண்ட் பெருகுவதை எங்கே எழுதுகிறோம்?

கடை கட்டிய நாளில் போட்ட வயரிங் அப்படியே இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு சாமான் புதிதாக அதில் சேர்கிறது. சாக்கு, அட்டைப் பெட்டி, எண்ணெய் டின், நெருப்பு பட்டால் நொடியில் பற்றும் சரக்கு என்று கிடங்கு முழுவதும் அடுக்கி வைத்திருக்கும் நமக்கு, சுவரில் ஓடும் கம்பி சூடேறுவது சிறிய விஷயம் அல்ல. ஆகவே, மெயின் போர்டில் வைக்கும் பேனல் மீட்டரில் கரண்டுக்கு எச்சரிக்கை எல்லை வைப்பது பற்றி, எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடாமல் கடைக்காரரே தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்கு இங்கே எழுதுகிறோம்.

எந்த மீட்டர்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மின்வாரியம் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் மின் பகிர்மானக் கழகம் வைத்த மீட்டரை நாம் தொடக் கூடாது. அதன் சீல் நம்முடையது அல்ல. அதில் கை வைப்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி குற்றம். நாம் பேசுவது அந்த மீட்டருக்குப் பின்னால், நம்முடைய மெயின் போர்டில், நம் செலவில் வைத்துக்கொள்ளும் பேனல் மீட்டரைப் பற்றி. மூன்று பேஸிலும் ஓடும் வோல்ட், ஆம்பியர், கிலோவாட், பவர் ஃபேக்டர் எல்லாவற்றையும் காட்டும் சதுர வடிவ மீட்டர் அது. இவற்றில் பலவற்றில் அலாரம் வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் எல்லை போட்டு இயக்கி வைக்காத வரை அது வாய் திறக்காது. வாங்கி மாட்டிவிட்டு, பல ஆண்டுகளாக எண்களை மட்டும் காட்டிக்கொண்டிருக்கும் மீட்டர்கள் நம் கடைவீதிகளில் எத்தனையோ உண்டு.

வாங்கும்போதே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாடல்களில் அலாரம் வந்தால் திரையில் ஒரு குறி மின்னுவதோடு சரி. மணி அடிக்க வேண்டுமானால் உள்ளே ரிலே உள்ள மாடலாக இருக்க வேண்டும். திரையில் மின்னுவதை நம் கடையில் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

ஃபியூஸ் இருக்கிறதே, போதாதா?

பலர் கேட்கும் கேள்வி இது. எம்.சி.பி. இருக்கிறது, பளு கூடினால் தானே விழுந்துவிடும், மணி எதற்கு என்கிறார்கள். எம்.சி.பி.க்கு உரிய தரவிதியைப் பார்த்தால் விடை தெரியும். 40 ஆம்பியர் என்று எழுதிய எம்.சி.பி., 40ஐத் தாண்டிய உடனே விழுவதில்லை. அந்த அளவைப் போல் 1.13 மடங்கு, அதாவது சுமார் 45 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரம் வரை அது விழாமல் இருக்க வேண்டும். 1.45 மடங்கு, அதாவது 58 ஆம்பியர் ஓடினால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். பேஸும் நியூட்ரலும் நேராக மோதிக்கொண்டால் கண் இமைக்கும் முன் விழும். ஆனால் மெல்ல மெல்லக் கூடும் பளுவுக்கு அது பொறுமைசாலி.

கம்பியில் உண்டாகும் சூடு, கரண்டின் வர்க்கத்தை ஒட்டி ஏறுவது. கரண்ட் 20 சதவீதம் கூடினால் சூடு 44 சதவீதம் கூடுகிறது. நல்ல புதுக் கம்பி சற்றே கூடுதலான பளுவைத் தாங்கிக்கொள்ளும். பழைய கம்பியின் முறுக்கு இணைப்பும், தளர்ந்துபோன திருகும், கறுத்துப்போன ஃபியூஸ் கட்டையும் தாங்குமா? கருகல் நாற்றம் வரும்போதுதான் நமக்குத் தெரிகிறது. அதுவும் பகலாக இருந்தால். இரவில் கிடங்கைப் பூட்டிவிட்டுப் போன பிறகு நாற்றம் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

ஆக, எம்.சி.பி. கடைசிக் காவலாளி. மணி என்பது அவனுக்கு முன்னால் நின்று குரல் கொடுப்பவன். ஒருவன் இருக்கிறான் என்பதற்காக மற்றவனை விலக்க முடியாது. அலாரம் வைத்துவிட்டோம் என்று எம்.சி.பி.யைப் பெரிதாக மாற்றுவதோ, கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிடுவதோ உயிரோடு விளையாடுவதாகும்.

கடன் எல்லை போலத்தான்

எல்லை வைப்பது நமக்குப் புதிய வித்தை அல்ல. ஒரு சில்லறைக் கடைக்காரருக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வரை சரக்கு கடனாகக் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறோம். கணக்குப்பிள்ளை ஐம்பதாயிரம் நிறைந்த பிறகு வந்து சொன்னால் என்ன பயன்? நாற்பதாயிரத்தைத் தாண்டும்போதே காதில் போட வேண்டும். அதே சமயம், அந்தக் கடைக்காரர் மாதாமாதம் முப்பத்தையாயிரம் வரை வாங்கிக் கட்டி வருபவர் என்றால், முப்பதாயிரத்திலேயே ஓடி வந்து எச்சரிக்கும் கணக்குப்பிள்ளையின் பேச்சை நாம் நாலு நாளில் காதில் வாங்குவதையே விட்டுவிடுவோம்.

கரண்டுக்கும் கணக்கு இதுதான். எல்லை என்பது வழக்கமான உச்சத்துக்கு மேலே இருக்க வேண்டும், கம்பியும் எம்.சி.பி.யும் தாங்கும் அளவுக்குக் கீழே இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இடமே இல்லை என்றால், அலாரத்தை மாற்றிப் பயனில்லை. வயரிங்கை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள்.

முதல் வேலை: சி.டி. விகிதம்

பெரிய கரண்ட் நேராக மீட்டருக்குள் போவதில்லை. கம்பியைச் சுற்றி ஒரு வளையம் மாட்டியிருப்பார்கள். அதற்கு சி.டி. என்று பெயர். 50க்கு 5 என்று அதில் எழுதியிருந்தால், கம்பியில் 50 ஆம்பியர் ஓடும்போது மீட்டருக்கு 5 ஆம்பியர் வருகிறது என்று அர்த்தம். இந்த விகிதத்தை மீட்டருக்குச் சரியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வளையத்தில் 100க்கு 5 என்று இருக்க, மீட்டரில் 50க்கு 5 என்று போட்டுவிட்டால், ஓடுவதில் பாதியைத்தான் மீட்டர் காட்டும். 60 ஆம்பியர் ஓடும்போது 30 என்று சொல்லும். அந்த மீட்டரில் எவ்வளவு கவனமாக எல்லை வைத்தாலும் மணி அடிக்கப் போவதில்லை. படிக்கல்லே தவறாக இருந்தால் தராசு முள் நேராக நின்று என்ன பயன்?

இதைச் சரிபார்க்க எலக்ட்ரீஷியனிடம் உள்ள டாங் டெஸ்டர் போதும். ஒவ்வொரு பேஸ் கம்பியிலும் அதை மாட்டி, அது காட்டும் ஆம்பியரும் மீட்டர் காட்டும் ஆம்பியரும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கின்றனவா என்று கூட நின்று பாருங்கள். இன்னொரு எச்சரிக்கை: கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது சி.டி.யிலிருந்து மீட்டருக்கு வரும் கம்பியைக் கழற்றவே கூடாது. கழற்றினால் அந்த முனையில் உயிருக்கு ஆபத்தான வோல்ட் உண்டாகும். மெயினை நிறுத்திவிட்டு, தெரிந்த ஆள்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

இரண்டாம் வேலை: ஒரு வாரக் கணக்கு

எல்லையை ஊகத்தில் வைக்காதீர்கள். ஒரு வாரம், நாளுக்கு நாலு வேளை, மூன்று பேஸின் ஆம்பியரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். காலையில் கடை திறந்ததும், அரவை ஓடும் போதும், பிற்பகல் ஏ.சி. ஓடும் போதும், மாலையில் எல்லா விளக்கும் எரியும் போதும் எழுதினால் கடையின் வழக்கம் தெரிந்துவிடும். உச்ச அளவைத் தானே நினைவில் வைக்கும் மீட்டரானால் அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் கிடங்கில் மெயின் எம்.சி.பி. 40 ஆம்பியர், சி.டி. 50க்கு 5. நாங்கள் எழுதிப் பார்த்ததில் உச்ச அளவு ஆர் பேஸில் 24, ஒய் பேஸில் 27, பி பேஸில் 21 ஆம்பியர். இந்த 27க்கும் 40க்கும் நடுவில்தான் எல்லை அமைய வேண்டும். நெடுநேரம் ஓடும் பளு, எம்.சி.பி. அளவில் 80 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது மின் வேலை தெரிந்தவர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. 40இல் 80 சதவீதம் 32. ஆகவே முதல் எச்சரிக்கை 32 ஆம்பியர். அடுத்த, கடுமையான எச்சரிக்கை 38 ஆம்பியர். மெயினிலிருந்து போகும் கம்பி எம்.சி.பி. அளவையே தாங்காத மெல்லிய கம்பியாக இருந்தால் கணக்கைக் கம்பியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கம்பிக்கு ஏற்ற எம்.சி.பி. போடுவதுதான் அங்கே முதல் வேலை.

மூன்றாம் வேலை: நாலு எண்கள்

மீட்டரின் அலாரம் பகுதிக்குள் போனால் பெரும்பாலும் நாலு எண்களைக் கேட்கும். மீட்டருக்கு மீட்டர் பெயர் மாறலாம், பொருள் ஒன்றுதான்.

ஒன்று, பிக்கப். எந்த அளவைத் தாண்டினால் அலாரம் எழ வேண்டும் என்பது. எங்களுக்கு 32.

இரண்டு, பிக்கப் டிலே. தாண்டிய பிறகு எவ்வளவு நேரம் தொடர்ந்து தாண்டியே இருந்தால் மணி அடிக்க வேண்டும் என்பது. இதில்தான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். 5 எச்.பி. மூன்று பேஸ் மோட்டார் ஓடும்போது 7 ஆம்பியரை ஒட்டித்தான் எடுக்கும். ஆனால் நேராகக் கிளப்பும்போது சில விநாடிகளுக்கு அதைப் போல் ஆறு மடங்கு இழுக்கும். ஏற்கெனவே 20 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தால், அந்தச் சில விநாடிகளில் மொத்தம் 60ஐ ஒட்டிப் போய்த் திரும்பும். அது கோளாறு அல்ல, மோட்டாரின் இயல்பு. டிலே பூஜ்யம் என்று இருந்தால் மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் மணி அடிக்கும். முதல் எச்சரிக்கைக்கு 60 விநாடியும், 38 ஆம்பியருக்கு 10 விநாடியும் வைத்திருக்கிறோம். நேரத்தை எந்த அலகில் கேட்கிறது என்று பார்த்துப் போடுங்கள்.

மூன்று, டிராப் அவுட். எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் அலாரம் விலக வேண்டும் என்பது. இதையும் 32 என்றே வைத்தால், கரண்ட் 31.9க்கும் 32.1க்கும் இடையே ஆடும்போது மணி விட்டுவிட்டு அடித்து உயிரை வாங்கும். மிகவும் கீழே, 25 என்று வைத்தால் ஒய் பேஸின் வழக்கமான உச்சமே 27 என்பதால், கோளாறு தீர்ந்த பிறகும் மணி ஓயாது. ஆகவே 29 என்று வைத்தோம். எல்லைக்குச் சற்றுக் கீழே, வழக்கமான உச்சத்துக்கு மேலே. சில மீட்டர்கள் இதைச் சதவீதமாகக் கேட்கும். 10 சதவீதம் என்றால் 32இல் 3.2 குறைந்து 28.8 என்று ஆகும்.

நாலு, டிராப் அவுட் டிலே. இறங்கிய பிறகு எவ்வளவு நேரம் பார்த்துவிட்டு அலாரத்தை விலக்க வேண்டும் என்பது. 10 விநாடி போதும்.

சதவீதத்தில் ஒரு பள்ளம்

பிக்கப் அளவையே ஆம்பியரில் கேட்காமல் சதவீதத்தில் கேட்கும் மீட்டர்களும் உண்டு. எதில் சதவீதம் என்று கேட்டுக்கொள்ளாமல் எண்ணைத் தட்டிவிடக் கூடாது. சி.டி.யின் அளவில் சதவீதம் என்றால், 50 ஆம்பியர் சி.டி.யில் 32 ஆம்பியர் என்பது 64 சதவீதம். 80 சதவீதம் என்று காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு 80 என்று தட்டினால் எல்லை 40 ஆம்பியரில் போய் நிற்கும். எம்.சி.பி.யின் முழு அளவும் அதுதான். எச்சரிக்கைக்கு இடமே இல்லாமல் போய்விடும்.

சராசரியை நம்ப வேண்டாம்

மூன்று பேஸின் சராசரிக்கு எல்லை வைக்கும் வசதியும் சில மீட்டர்களில் இருக்கிறது. கடைக்காரருக்கு அது உதவாது. ஒரு பேஸில் 42, மற்ற இரண்டில் 15, 15 என்று ஓடினால் சராசரி 24தான். மீட்டர் அமைதியாக இருக்கும், அந்த ஒரு பேஸ் கம்பி வெந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு பேஸுக்கும் தனித்தனியாகப் பார்க்கும்படி வையுங்கள்.

இதில் ஒரு லாபமும் உண்டு. ஒய் பேஸில் புதிதாக 7 ஆம்பியர் இழுக்கும் ஏ.சி. ஒன்றைச் சேர்த்தால் 27 என்பது 34 ஆகி முதல் மணி அடித்துவிடும். அதே ஏ.சி.யை 21 மட்டும் ஓடும் பி பேஸுக்கு மாற்றினால் 28உடன் நின்றுவிடும். பைசா செலவின்றிப் பளு சமமாகிவிடுகிறது.

நியூட்ரல் கம்பிக்கும் ஓர் எல்லை வைக்க முடிந்தால் வையுங்கள். பளு சமமில்லாதபோது மிச்சக் கரண்ட் அதில்தான் திரும்புகிறது. எல்.இ.டி. விளக்கு, கம்ப்யூட்டர் போன்றவை மிகுந்த கடைகளில் மூன்று பேஸும் சமமாக இருந்தாலும் நியூட்ரலில் கரண்ட் கூடும். நியூட்ரல் அறுந்தாலோ, பளு குறைந்த பேஸில் வோல்ட் தாறுமாறாக ஏறி ஃப்ரிட்ஜும் கம்ப்யூட்டரும் கருகிவிடும். இதற்கு அதிக வோல்ட் அலாரத்தையும் சேர்த்து வைப்பது நல்லது. அரவை மிஷின் வைத்திருப்பவர்கள் பேஸ் போனதைச் சொல்லும் அலாரத்தையும் விட வேண்டாம். ஒரு பேஸ் இல்லாமல் மோட்டார் ஓடினால் மற்றக் கம்பிகளில் கரண்ட் 1.7 மடங்கு வரை ஏறி, சுற்று கருகிவிடும்.

குறைந்தாலும் மணி அடிக்க வேண்டும்

வெண்ணெய், பன்னீர், ஐஸ்கிரீம் வைத்து விற்கும் கடைகளுக்கு இன்னொரு கவலை உண்டு. இரவில் டீப் ஃப்ரீசர் நின்றுபோனால் காலையில்தான் தெரியும். ஃப்ரீசர்களுக்குத் தனி வழியும் தனி மீட்டரும் இருந்தால், கரண்ட் குறைந்தால் எழும் அலாரத்தை வைக்கலாம். கம்ப்ரஸர் இயல்பாகவே நின்று நின்று ஓடுவது. எவ்வளவு நேரம் நிற்கிறது என்று இரண்டு மூன்று நாள் பார்த்து, அதைவிடக் கணிசமாகக் கூடுதலான டிலே போட வேண்டும். மீட்டரும் மணியும் இன்வெர்ட்டரிலிருந்து உயிர் பெறும்படி செய்யுங்கள். மின்சாரமே போன வேளையில் மீட்டரும் உறங்கிவிட்டால் நமக்கு யார் சொல்வது?

மின்வாரியம் நமக்கு அனுமதித்த மின்பளுவை மீறுகிறோமா என்பதையும் இதே மீட்டரில் கிலோவாட் டிமாண்டுக்கு எல்லை வைத்துக் கவனிக்கலாம். டிமாண்ட் என்பது நொடிக் கணக்கு அல்ல, 15 அல்லது 30 நிமிடச் சராசரி. அனுமதித்த பளுவுக்குச் சற்றுக் கீழே வைத்தால், அது கூடுவதற்குள் ஒன்றிரண்டு சாமான்களை நிறுத்த அவகாசம் கிடைக்கும்.

மணியின் வாயை அடைக்காதீர்

நமக்குத் தெரிந்த பருப்பு மண்டி ஒன்றில் இந்த அலாரத்தை வைத்தார்கள். டிலே பூஜ்யம். மோட்டார் கிளம்பும்போதெல்லாம் மணி அலறியது. வாடிக்கையாளர்களுக்குத் தொந்தரவு என்று கடைப் பையன் மணியின் கம்பியைக் கழற்றிவிட்டான். முதலாளிக்கு அது தெரியாது. சில மாதம் கழித்து இன்னொரு குளிர்ப்பெட்டியைச் சேர்த்தார்கள். ஒருநாள் மாலை போர்டிலிருந்து புகை வந்தது. ஆட்கள் கடையில் இருந்த நேரமாதலால் மெயினை நிறுத்தினார்கள். போர்டும் சில மூட்டைகளும் மட்டும் போயின. புகை வந்தபோதும் மீட்டரின் திரையில் அலாரம் மின்னிக்கொண்டுதான் இருந்தது. பையன் மேல் குற்றம் இல்லை. காரணமில்லாமல் அடிக்கும் மணியை யாரும் மதிப்பதில்லை.

ஆகவே எல்லையைச் சரியாக வைப்பதோடு, மணி அடித்தால் யார் எதை நிறுத்துவது என்பதையும் கடையில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். முதலில் ஏ.சி., அடுத்து அரவை மிஷின் என்று வரிசை எழுதிப் போர்டின் அருகே ஒட்டுங்கள். இரண்டாம் மணிக்கும் பளு குறையவில்லை என்றால் மெயினை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். மீட்டரின் ரிலே, மணிக்கும் சிவப்பு விளக்குக்கும் போதுமான சிறிய ரிலே. அதில் ஃப்ரீசரையோ மோட்டாரையோ நேராக மாட்டக் கூடாது.

எல்லை போட்டு முடித்ததும் சோதிக்காமல் எலக்ட்ரீஷியனை அனுப்பிவிடாதீர்கள். பிக்கப், டிராப் அவுட் இரண்டையும் அப்போது ஓடும் கரண்டுக்குக் கீழே இறக்கச் சொல்லி, டிலே நேரம் கழிந்ததும் மணி அடிக்கிறதா என்று காதால் கேளுங்கள். பிறகு சரியான அளவுகளுக்கு மாற்றச் சொல்லி, கண்ணால் பாருங்கள். சி.டி. விகிதம், நாலு எண்கள், வைத்த தேதி மூன்றையும் ஓர் அட்டையில் எழுதிப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். மீட்டருக்குக் கடவுச்சொல் இருந்தால் அதை முதலாளி வைத்திருக்க வேண்டும்.

வைத்ததோடு வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். ஒரு சாமான் புதிதாகச் சேரும்போதும், தீபாவளிக்குச் சீரியல் விளக்கு போடும்போதும், சித்திரை வெயில் தொடங்கும்போதும் ஒருமுறை அளவெடுத்துப் பாருங்கள். எம்.சி.பி.யின் அளவு 30 டிகிரி வெப்பத்தை வைத்துச் சொல்லப்படுவது. தகரக் கூரைக்கு அடியில், மூடிய பெட்டிக்குள் அது முன்கூட்டியே விழக்கூடும். அப்போது பெரிய எம்.சி.பி. போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பளுவைக் குறையுங்கள், அல்லது கம்பியோடு சேர்த்து மாற்றுங்கள்.

ஆயுத பூஜைக்குத் தராசையும் படிக்கல்லையும் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். அதே நாளில் மெயின் போர்டையும் திறந்து, மீட்டர் எல்லைகளை அட்டையோடு ஒப்பிட்டு, மணியையும் ஒருமுறை அடிக்கவிட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். ஒரே கடைவீதியில் சுவரோடு சுவர் ஒட்டிக் கடை வைத்திருக்கிறோம். ஒரு கடையில் பிடித்த நெருப்பு பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகையைப் படித்துப் பார்த்து நிற்பதில்லை. எனவே, தம் கடையில் வைத்தவர்கள் பக்கத்துக் கடைக்காரருக்கும் எடுத்துச் சொல்லி உதவுமாறு உறுப்பினர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.